எழுவாய் இல்லாத வாக்கியங்கள்

ஜேர்மனிக்கு அகதியாக வந்த ஒவ்வொரு தமிழருக்கும் இந்த நாட்டில் ஒரு கோப்பு இருக்கிறது. எந்த வழியால் வந்தாய், யாருக்குக் காசு கொடுத்தாய், எந்த இயக்கத்தில் இருந்தாய், எந்த முகாமில் எத்தனை நாள் வைத்து அடித்தார்கள், தழும்பு எங்கே: எல்லாம் அதில் பதியப்பட்டிருக்கும். நாம் சொன்னது ஒன்று, மொழிபெயர்ப்பாளர் சொன்னது இன்னொன்று, தட்டச்சில் ஏறியது மூன்றாவது ஒன்று என்பதும் நம்மில் பலருக்கு நேர்ந்ததுதான். என்னுடைய கோப்பின் பிரதியைச் சட்டத்தரணியின் மேசையில் வைத்து முதன்முதலாக வாசித்தபோது, அதற்குள் இருப்பவன் யாரோ ஒருவன் என்றே எனக்குப் பட்டது.

அன்றிலிருந்து அரச ஆவணங்களை இலக்கியப் பிரதிகளைப் போலவே வாசிக்கப் பழகிக்கொண்டேன். யார் சொல்கிறார், யாருக்குச் சொல்கிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார் என்று பார்ப்பேன். இங்கே விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்வதும் அப்படியான ஒரு பிரதிதான். அதை எழுதியது ஹெசன் மாநிலத்தின் அரசியலமைப்புப் பாதுகாப்பு அலுவலகம். பெயர் அப்படியிருந்தாலும் அது ஓர் உளவுத்துறை. 120 ஆண்டுகளுக்கு, அதாவது 2134ஆம் ஆண்டுவரை, யாரும் வாசிக்கக் கூடாது என்று முத்திரையிடப்பட்டிருந்த அப்பிரதி 2022 ஒக்ரோபர் 28 அன்று நம் எல்லோர் கைக்கும் வந்து சேர்ந்தது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். 2000 செப்ரெம்பரில் நூரன்பேர்க்கில் என்வர் சிம்ஷெக் என்ற பூ வியாபாரி தெருவோரத்தில் சுடப்பட்டார். உணவகம் உணவகமாக ஏறி இறங்கி றோசாப்பூ விற்றுப் பிழைத்த நம்மவர்களுக்கு அந்தப் பூ வாளிகள் அந்நியமானவை அல்ல. 2006 ஏப்ரல்வரை ஒன்பது பேர் ஒரே துப்பாக்கியால் கொல்லப்பட்டனர். எட்டுப் பேர் துருக்கியிலிருந்து வந்த குடும்பத்தவர், ஒருவர் கிரேக்கர். ஒன்பதாமவர் ஹலித் யோஸ்காட், வயது 21. ஏப்ரல் 6 அன்று காசல் நகரில், தான் நடத்திய இணையக் கடைக்குள் சுடப்பட்டார். அந்த நேரத்தை ஒட்டி மாநில உளவுத்துறையின் அதிகாரி ஒருவர் அதே கடையில் ஒரு கணினிக்கு முன்னால் இருந்திருக்கிறார். சாட்சி கேட்டுப் பொலிஸ் விடுத்த அழைப்புக்கு அவர் வரவில்லை. பொலிசாரே அவரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. தான் எதையும் கவனிக்கவில்லை என்றார்.

ஆண்டுக்கணக்காகப் பொலிஸ் கொலையாளிகளைத் தேடியது பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்குள்ளேதான். போதைப்பொருளா, கள்ளத் தொடர்பா, மாபியாவா என்று விதவைகளைத் துருவிக் கேட்டது. பத்திரிகைகள் 'டோனர் கொலைகள்' என்று பெயர் வைத்தன. ஆனால் 2006 மே மாதத்திலேயே அந்தக் குடும்பங்கள் காசல் வீதியில் இறங்கி, பத்தாவது பலி வேண்டாம் என்று கோரி ஊர்வலம் போயின. யார், ஏன் கொல்கிறார்கள் என்பது அவர்களுக்கு விளங்கியிருந்தது. அரசு அதை ஏற்றுக்கொள்ள, 2011 நவம்பரில் நவநாசிகளான கொலையாளிகள் தாமே வெளிப்படும்வரை காத்திருந்தது. அதற்கு முன் 2007இல் ஒரு பொலிஸ்காரப் பெண்ணும் அவர்களால் கொல்லப்பட்டிருந்தார். உண்மை வெளிவந்த ஒரு கிழமைக்குள் மத்திய உளவுத்துறையில் அது தொடர்பான கோப்புகள் கிழித்து அழிக்கப்பட்டன. அதன் தலைவர் 2012இல் பதவி விலகினார்.

ஹெசன் உளவுத்துறையும் 2012இல் தன் இருபது வருடக் கோப்புகளைத் தானே புரட்டிப் பார்க்கப் பணிக்கப்பட்டது. அப்படிப் பிறந்ததுதான் 2014இல் முடிந்த இந்த அறிக்கை. குற்றம் சாட்டப்பட வேண்டியவரே தன்னைப் பற்றி எழுதிய பிரதி இது என்பதை வாசகர் மறந்துவிடக் கூடாது.

பிறகு நடந்தது நம் கவனத்துக்கு உரியது. 2019 யூன் மாதம் காசல் மாவட்ட நிர்வாகத் தலைவர் வால்டர் லூப்கே தன் வீட்டு முற்றத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2015இல் ஒரு பொதுக்கூட்டத்தில் அகதிகளை ஏற்பதன் பக்கம் நின்று பேசியதே அவர் செய்த குற்றம். கொன்ற ஸ்ரெபான் ஏர்ன்ஸ்ற் உளவுத்துறை நெடுநாள் அறிந்த ஆள். அவரைப் பற்றிய கோப்பை அதே 2015இல்தான் அது மூடி வைத்திருந்தது. இந்தப் பெயர் இரகசிய அறிக்கையில் உண்டா என்று பத்திரிகையாளர் கேட்டனர். பதில் இல்லை. வழக்குப் போட்டனர். வீஸ்பாடன் நிர்வாக நீதிமன்றம் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்றது. வந்த பதில் ஓர் எண்: 11. பதினொரு தடவை அந்தப் பெயர் அதில் இருந்தது. நீதிமன்றம் ஏறி வாங்க முடிந்தது அவ்வளவுதான். ஆனால் அந்த ஓர் எண்ணோடு, உள்ளே ஒன்றும் இல்லை என்ற பேச்சு அடிபட்டுப் போயிற்று.

120 ஆண்டுகள் 30 ஆகக் குறைக்கப்பட்டன. 130,000 பேருக்கு மேல் கையெழுத்திட்ட மனு ஒன்று மாநிலப் பாராளுமன்றத்துக்குப் போனது. 2021இல் ஆளும் கூட்டணி அதை நிராகரித்தது. அக்கூட்டணியில் பசுமைக் கட்சியும் இருந்தது என்பதை, அகதிகளின் தோழர்கள் என்று அவர்களுக்கு வாக்களித்த நம்மவர்கள் குறித்துக்கொள்ளலாம். சட்டத்தின் வாசல் அடைபட்ட பின், 'அரசைக் கேள்' என்று பொருள்படும் பெயர்கொண்ட பிராக்டென்ஸ்ராட் அமைப்பும் யான் போமர்மானின் தொலைக்காட்சி நிகழ்ச்சியும் சேர்ந்து அறிக்கையை வெளியிட்டன. கொடுத்தவரைக் காட்டிக்கொடுத்துவிடாதபடி முழுவதையும் புதிதாகத் தட்டச்சுச் செய்திருந்தார்கள். இரவிரவாகத் தட்டெழுதிப் பத்திரிகை நடத்திய நம் தலைமுறைக்கு அந்த வேலையின் பெறுமதி தெரியும்.

சரி, உள்ளே என்ன இருந்தது? பலர் ஏமாந்தார்கள். ஒன்பது கொலைகளோடு அரசைக் கோக்கும் நூல் எதுவும் அதில் அகப்படவில்லை. ஆயுதம், வெடிமருந்து வைத்திருந்த வலதுசாரிகளைப் பற்றிய தகவல்கள் வந்தன; தொடரப்படவில்லை. கோப்புகள் இருந்தன, கண்டெடுக்கப்படவில்லை. இதற்கா இவ்வளவு ஆரவாரம் என்று கேட்டார்கள்.

எனக்கு அந்த ஏமாற்றம் இல்லை. மேலே எழுதிய வாக்கியங்களைத் திரும்பப் பாருங்கள். தொடரப்படவில்லை, கண்டெடுக்கப்படவில்லை. யாரால்? ஜேர்மன் அலுவலக மொழியில் 'வுர்ட' என்றொரு துணைச்சொல் உண்டு. அதைப் போட்டுவிட்டால் செய்தவர் மறைந்து செயல் மட்டும் நிற்கும். நம் அலுவலகத் தமிழில் அந்த வேலையைப் 'படு' செய்கிறது. மறைக்க வேண்டியதைக் கறுப்பு மையால் அழிக்க வேண்டியதில்லை; எழுவாயை எடுத்துவிட்டால் போதும். ஒரு சதியை மறைப்பதற்கு 120 ஆண்டுகள் கேட்டார்கள் என்று நினைத்திருந்தோம். அவர்கள் மறைத்தது தங்கள் அலட்சியத்தை. நம்மைப் போன்றவர்கள் சாகும்போது அரசு காட்டுகிற அந்த அலட்சியமே இப்பிரதியின் கருப்பொருள். சாட்சியாக அது போதாதா?

இதன் எதிர்ப் பிரதியாக ஒரு கலைப் படைப்பைச் சொல்ல வேண்டும். 2017இல் காசல் டொக்குமெந்தா கண்காட்சியில், இலண்டனைச் சேர்ந்த பொரென்சிக் ஆர்க்கிடெக்சர் குழு அந்த இணையக் கடையை அளந்து காட்டியது. 77 சதுர மீற்றர், 9 நிமிடம் 26 விநாடி என்பதே தலைப்பு. கசிந்த பொலிஸ் ஆவணங்களை வைத்து, சுடும் சத்தம் எவ்வளவு தூரம் கேட்டிருக்கும், வெளியேறும் ஒருவர் கண்ணுக்கு மேசையின் பின்னால் என்ன தெரிந்திருக்கும் என்று அளந்தார்கள். சுடப்பட்டபோது அதிகாரி அங்கே இருந்திருந்தால் எதையும் கவனிக்கவில்லை என்ற சாட்சியத்தை நம்புவது கடினம் என்பது அவர்களின் முடிவு. படைப்பின் குளிர்ந்த தொழில்நுட்பம் சில இடங்களில் ஹலித்தின் முகத்தையே மறைத்துவிடுகிறது என்ற குறை எனக்கு உண்டு. ஆனாலும் அறிக்கை எடுத்துவிட்ட எழுவாயை அது வாக்கியத்துக்குள் திரும்ப இழுத்து வந்து நிறுத்துகிறது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். 'காணாமல் போனோர்' என்றுதான் முதலில் எழுதினோம். திருவிழாவில் கைதவறிய பிள்ளை மாதிரி. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் வீதியோரம் குந்திய தாய்மார் அந்தச் சொல்லை ஏற்கவில்லை. 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்றார்கள். அதே ஆண்டு யூனில் சனாதிபதி சிறிசேன, சரணடைந்தோரின் பட்டியலை வெளியிடச் சொல்வதாக அவர்களுக்கு வாக்களித்தார். பட்டியல் வரவில்லை. ஆனால் 'ஆக்கப்பட்டோர்' என்றதும் 'யாரால்' என்ற கேள்வி தானே எழுந்து நிற்கிறது. 2009 மே மாதம் சரணடைந்த சிலருக்காக அவர்களின் உறவினர் தொடுத்த ஆட்கொணர்வு மனுக்களில், வவுனியா மேல் நீதிமன்றம் 2022 டிசம்பரில் அதற்குப் பதில் சொன்னது: இராணுவம் பொறுப்பு, ஆட்களைக் கொண்டுவந்து நிறுத்து. தீர்ப்பு வந்தது; ஆட்கள் வரவில்லை. எனினும் ஒரு வாக்கியத்துக்கு எழுவாய் கிடைத்துவிட்டது. அதை இனி யாரும் எடுக்க முடியாது.

இந்த இலக்கணத்தை அரசுகளுக்கு மட்டும் படிப்பித்தால் போதாது. 'ஆளைப் போட்டாச்சாம்' என்று ஒரு காலத்தில் நம் ஊரில் கதைத்தோம். போட்டது யார் என்று நாம் சொன்னதில்லை, கேட்டதுமில்லை. இயக்கங்களின் சிறைகளுக்குள் போய்த் திரும்பாத நம் பிள்ளைகளின் பட்டியலை யாரிடம் கேட்பது? இங்கே வீடு வீடாகச் சேர்த்த காசுக்குக் கணக்கு எங்கே என்று கேட்டவர் துரோகியானார். ஹெசன் உளவுத்துறையின் நடையும் நம் நடையும் ஒன்றாக இருந்துவிட்டு, அவர்களை மட்டும் எப்படி விமர்சிப்பது?

கடைசியாக ஒரு நடைமுறைச் செய்தி. இலங்கையின் 2016ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அந்நாட்டுப் பிரசைகளுக்கானது. அந்தப் பிரசாவுரிமையை விட்டுவிட்டவர்கள் தாமாகக் கேட்க முடியாது. ஊரிலுள்ள உறவினரைக் கொண்டுதான் கேட்கலாம். 2006இல் நடைமுறைக்கு வந்த ஜேர்மன் மத்திய சட்டம் அப்படியல்ல. உளவுத்துறைகளுக்கு அது விலக்களித்திருக்கிறது. அதற்காகத்தான் வழக்குகளும் கையெழுத்துகளும். ஆனால் மற்ற மத்திய அலுவலகங்களிடம் கேட்கும் உரிமையை அது 'ஒவ்வொருவருக்கும்' என்று சொல்லியே தொடங்குகிறது. கடவுச்சீட்டைக் கேட்கவில்லை, காரணத்தையும் கேட்கவில்லை. நம்மைப் பற்றி இந்த நாடு எழுதிய ஆயிரக்கணக்கான பக்கங்களில், நாம் செயப்படுபொருளாக மட்டுமே இருந்து வந்திருக்கிறோம். இந்த ஒரு வாக்கியத்திலாவது எழுவாய் நாம்தான்.