ஓங்காத வேல்

பத்துமலையில் 42.7 மீட்டர் உயர முருகனை அண்ணாந்து பார்க்கும் எல்லோரும் தங்கப் பூச்சையே பேசுகிறார்கள். 2006-இல் திறந்த அந்தச் சிலையில் என் கண் போவது வேலின் மேல்தான். நீண்ட தண்டு, உச்சியில் அகன்று நுனியில் கூராகும் இலை. ஆயுதம்தான், ஆனால் யாரையும் குறிவைக்கவில்லை, நிமிர்ந்து நிற்கிறது.

கிரேக்கக் காலாட்படையின் ஈட்டிக்கும் இலை வடிவ இரும்பு முனை உண்டு. அடியில் வெண்கலக் கூர் வேறு: தண்டு முறிந்தால் அதனாலும் குத்தலாம். ஜாடி ஓவியர்களோ பெரும்பாலும் ஈட்டியைத் தோளுக்கு மேல் ஓங்கிய நிலையில் வரைந்தார்கள். கி.மு. 650 வாக்கில் தீட்டப்பட்ட கிஜி ஜாடியில் இரண்டு அணிகள் கேடயம் தாங்கி, ஈட்டி ஓங்கி, மோதப் போகும் நொடி. அங்கே அழகே அந்த அவசரம்தான்.

நம் சிற்பி போரை விட்டுவிட்டு வடிவத்தை மட்டும் வைத்துக்கொண்டார். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பூஜைக் கடைப் பித்தளை வேலைத் தடவிப் பாருங்கள், விளிம்பு மழுங்கல். நடுவில் திருநீற்றுக் கோடுகள், ஒரு சிவப்புக் கல். தைப்பூசத்தில் கன்னத்தில் ஏறும் சின்ன வேலுக்குத்தான் உண்மையான கூர். அதுவும் எதிரிக்கு அல்ல, ஏந்துகிறவருக்கே. கிரேக்க ஓவியன் இதைப் பார்த்தால் குழம்பிப்போவான்.