நாலாவதாக நிற்கும் கதை

ஸ்டீபன் கிங்கின் 'டிஃபரன்ட் சீசன்ஸ்' தொகுப்பை வாசித்தவர்களிடம் அதிலுள்ள நான்கு குறுநாவல்களையும் சொல்லச் சொன்னால் மூன்று சட்டென்று வந்து விழும். ஷாஷாங்க் சிறைக்கதை, ஒளிந்து வாழும் நாஜி அதிகாரியிடம் போய் மாட்டிக்கொள்ளும் பையனின் கதை, பிணம் பார்க்கக் கிளம்பிய நான்கு சிறுவர்களின் கதை. நாலாவதற்குக் கொஞ்சம் யோசிப்பார்கள். கூட இருப்பவர் யாராவது, "தலை துண்டான பிறகும் பிள்ளை பெறுகிறாளே, அதுதானே?" என்று எடுத்துக்கொடுக்க வேண்டியிருக்கும். அதுதான் 'த பிரீத்திங் மெத்தட்'.

1982-ல் வந்த தொகுப்பு அது. பருவத்துக்கு ஒன்றாக நான்கு கதைகள். கடைசியாக நிற்கும் இதற்குக் குளிர்காலம் வாய்த்தது. மற்ற மூன்றும் படமாகிவிட்டன. ராப் ரெய்னரின் 'ஸ்டாண்ட் பை மீ' 1986-ல் வந்தது, ஃபிராங்க் டாரபான்ட்டின் ஷாஷாங்க் 1994-ல், பிரயன் சிங்கரின் 'ஆப்ட் ப்யூபில்' 1998-ல். நான்கில் பேய்க்கதை என்று சொல்லத்தக்கது இது ஒன்றுதான். பேய்க்கதைக்குப் பேர்போன எழுத்தாளரின் புத்தகத்தில் வாசகர்கள் மறந்துபோனது அதையே என்பது வேடிக்கை. இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1983-ல் குறும்புனைவுக்கான பிரிட்டிஷ் ஃபேன்டசி விருது இந்தக் கதைக்குத்தான் போனது.

கதை இரண்டு அடுக்கு. டேவிட் ஆட்லி என்ற வயதான வழக்கறிஞரை அவருடைய அலுவலக மேலதிகாரி நியூயார்க்கில் ஒரு வீட்டுக்கு அழைத்துப்போகிறார். கிழக்கு 35-ஆம் தெரு, 249பி. அதைக் கிளப் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சந்தா கிடையாது, உறுப்பினர் பட்டியலும் கிடையாது. பிராந்தி, கணப்பு, தோல் நாற்காலிகள், நீண்ட நூலகம், எல்லாவற்றையும் கவனித்துக்கொள்ளும் ஸ்டீவன்ஸ் என்ற பணியாளர். கிழவர்கள் கூடி மாற்றி மாற்றிக் கதை சொல்வார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வியாழக்கிழமை மட்டும் அமானுஷ்யக் கதை. அப்படியொரு வியாழனில் எம்லின் மெக்காரன் என்ற மருத்துவர் 1930-களில் தன்னிடம் வந்த சாண்ட்ரா ஸ்டான்ஸ்ஃபீல்டைப் பற்றிச் சொல்கிறார். கல்யாணமாகாத கர்ப்பிணி. பிரசவ வலியைச் சமாளிக்க மூச்சை எப்படி விட வேண்டும் என்று அவளுக்கு அவர் கற்றுத் தருகிறார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, பனியில் தெரு வழுக்குகிறது. வலியெடுத்து டாக்சியில் வருகிறவள் ஆஸ்பத்திரி வாசலில் நடக்கும் விபத்தில் தலை துண்டாகி விழுகிறாள். உடல் மட்டும் மூச்சை நிறுத்தவில்லை. கற்றுக்கொடுத்தபடியே இழுத்து, விட்டு, பிள்ளையைப் பெற்றுக்கொடுத்துவிட்டுத்தான் நிற்கிறது.

இந்தக் கதையைப் பற்றி வாசகர்களிடையே நெடுநாளாகப் புழங்கிவரும் முதல் புகார், "தொடங்கவே மாட்டேன் என்கிறது" என்பது. மெக்காரன் வாயைத் திறப்பதற்குள் கணிசமான பக்கங்கள் ஓடிவிடுகின்றன. ஆட்லி டாக்சி பிடிப்பது, மனைவியிடம் சொல்லிக்கொண்டு கிளம்புவது, வேலையிலிருந்து ஓய்வு பெறுவது என்று வருடங்கள் நகர்கின்றன. முந்தைய மூன்று கதைகளின் வேகத்தோடு வந்தவருக்கு இது கால் கட்டிப் போட்டது போல்தான் இருக்கும். நானூறு பக்கத்துக்கு மேல் படித்து முடித்துக் களைத்த கண்ணோடு இதற்குள் நுழைகிறோம் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். தொகுப்பின் கடைசிக் கதைக்கு நேரும் அநியாயம் இது. இதே கதை தனிப் புத்தகமாகக் கைக்கு வந்திருந்தால் இந்தப் புகாரில் பாதி எழுந்திருக்காது.

இரண்டாவது அணி நேர் எதிர். அவர்களுக்குக் கிளப்தான் கதை, சாண்ட்ரா அதற்குள் வரும் ஒரு சம்பவம். ஆட்லி அந்த நூலகத்தில் எட்வர்ட் கிரே செவில் என்ற நாவலாசிரியரின் புத்தகங்களை எடுத்துப் படிக்கிறார். நன்றாகவே எழுதும் ஆள். வெளியே வந்து தேடினால் அப்படியொரு எழுத்தாளர் எந்தப் பதிவிலும் இல்லை; புத்தகத்தில் அச்சிட்டிருக்கும் ஸ்டெட்ஹாம் அண்ட் சன் என்ற பதிப்பகமும் இல்லை. ஒரு வழக்கறிஞர் ஆவணம் ஆவணமாகத் தேடி வெறுங்கையோடு திரும்புகிறார், அவ்வளவுதான் சம்பவம். ரத்தம் இல்லை, கூச்சல் இல்லை. என் கணக்கில் தொகுப்பின் மிகக் குளிர்ந்த பக்கங்கள் இவை. கடைசியில் ஸ்டீவன்ஸிடம் இந்த வீடு என்ன என்று கேட்டுவிடத் துணிந்து வருகிறவர், அந்தக் கேள்வியை விழுங்கிவிட்டு, மாடியில் நிறைய அறைகள் உண்டா என்று எதையோ கேட்டு ஒப்பேற்றுகிறார். பதில் மரியாதையாக வருகிறது. அந்த மரியாதையே மேற்கொண்டு கேட்காதே என்று சொல்லிவிடுகிறது. அந்தக் கேள்வியைக் கேட்டால் வரவேற்பு நின்றுவிடும் என்பது ஆட்லிக்குத் தெரியும். உண்மையைவிட வியாழக்கிழமைக் கதை முக்கியம் என்று முடிவெடுக்கும் மனிதர் அவர். புத்தகம் படிப்பவர்கள் பலரும் அந்த இடத்தில் தங்களையே பார்த்துக்கொள்வதால்தான் இந்த அணிக்கு ஆள் குறையாமல் இருக்கிறது.

இதே வீடு 'த மேன் ஹூ வுட் நாட் ஷேக் ஹேண்ட்ஸ்' என்ற சிறுகதையிலும் வருகிறது. 1981-ல் ஒரு தொகைநூலில் வெளிவந்து, 1985-ல் 'ஸ்கெலிட்டன் க்ரூ' தொகுப்பில் சேர்ந்தது. அங்கும் ஸ்டீவன்ஸ் இருக்கிறார். 'டார்க் டவர்' வரிசையின் தீவிர ரசிகர்களோ அந்த மாடியறைகளைக் கிங்கின் பிற உலகங்களுக்குப் போகும் கதவுகள் என்றே அடித்துச் சொல்வார்கள். வரிசையின் முதல் புத்தகம் வந்ததும் அதே 1982. ஆனால் எல்லாக் கதவுக்கும் ஒரே சாவியைப் போட்டுத் திறக்கும் இந்த வாசிப்பில் எனக்கு ஈடுபாடு இல்லை. மாடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் ஆட்லி கேள்வியை விழுங்கியதற்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும்.

கிழவர்கள் கூடிப் பேய்க்கதை பேசும் ஏற்பாடு கிங் கண்டுபிடித்ததும் அல்ல. கதையைச் சமர்ப்பணம் செய்திருப்பது பீட்டர் ஸ்ட்ராபுக்கும் அவர் மனைவி சூசனுக்கும். ஸ்ட்ராபின் 'கோஸ்ட் ஸ்டோரி' 1979-ல் இதே போன்றதொரு கிழவர் குழுவை வைத்து எழுதப்பட்டது. அதற்கும் முன்னால் எம். ஆர். ஜேம்ஸ் கேம்பிரிட்ஜில் கிறிஸ்துமஸ் சமயத்தில் நண்பர்களுக்குப் பேய்க்கதை வாசித்துக் காட்டுவார். ஹென்றி ஜேம்ஸின் 'டர்ன் ஆஃப் த ஸ்க்ரூ'வும் கிறிஸ்துமஸ் கணப்பருகில்தான் தொடங்கும். பழைய பாணி என்று குறை சொல்பவர்கள் சொல்வது சரி. அந்தப் பழமையைக் கிங் தெரிந்தே உடுத்திக்கொண்டார்.

இனிப் பிரசவக் காட்சி. வாசகர்கள் உண்மையிலேயே முட்டிக்கொள்ளும் இடம் இதுதான். ஒருவருக்கு உடம்பு சிலிர்க்கும், பக்கத்திலிருப்பவருக்குச் சிரிப்பு வரும். தலையில்லாத உடல் மூச்சு விடாது, மூச்சை நடத்தும் நரம்பு மையம் மூளைத்தண்டில் இருக்கிறது என்று மருத்துவம் படித்த வாசகர் கணக்குத் தீர்த்துவிடுவார். மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் பேய்க்கதையில் நடக்குமா நடக்காதா என்பதைவிட, நடப்பதற்கு முன்னால் எழுத்தாளர் என்ன தயாரிப்பு செய்தார் என்றுதான் பார்க்க வேண்டும். இங்கே தயாரிப்பு முழுக்க மூச்சில் இருக்கிறது.

மெக்காரன் கற்றுக்கொடுப்பதைக் கிங் அவசரப்படாமல் எழுதுகிறார். வலி ஏற ஏற மூச்சு மாற வேண்டும். உச்சத்தில் குட்டிக் குட்டியாக, ரயில் எஞ்சின் புகை விடுவது மாதிரி. சாண்ட்ரா அதைப் பிடிவாதமாகப் பழகுகிறாள். விபத்து இரவில் டாக்சிக்குள்ளும் அதே மூச்சுதான்; அதைக் கேட்டு ஓட்டுநர் மிரண்டுபோகிறார். ஆக, தலை போன பிறகு அந்தச் சத்தம் கேட்கும்போது அது நமக்குப் புதிதல்ல. உடம்பு ஏற்கெனவே மனப்பாடம் செய்து வைத்திருந்ததை ஒப்பிக்கிறது. மந்திரம் இல்லை, சாபம் இல்லை, பயிற்சி. இந்தக் காரணம் அபத்தமானது, ஆனால் கதைக்குள் அசைக்க முடியாதது.

இதற்குப் பின்னால் ஒரு நிஜ வரலாறு இருக்கிறது, இதை வாசகர்கள் அதிகம் பேசுவதில்லை. 1930-களின் அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் பிரசவம் என்றால் பெரும்பாலும் மயக்கம்தான். மார்ஃபினும் ஸ்கோபொலமினும் கொடுத்து, நடந்தது எதுவும் தாய்க்கு நினைவில் நிற்காதபடி செய்வார்கள். 'அந்தி உறக்கம்' என்று அதற்குப் பெயர். இங்கிலாந்தில் கிரான்ட்லி டிக்-ரீட், பயம்தான் வலியைப் பெருக்குகிறது என்று வாதாடி 1933-ல் புத்தகம் போட்டார். ஃபெர்னான்ட் லமாஸ் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1951-ல் சோவியத் நாட்டில் பார்த்ததைப் பாரிஸுக்குக் கொண்டுவந்து மூச்சுப் பயிற்சியாக்கினார். அவரிடம் பிள்ளை பெற்ற மார்ஜரி கார்மெல் என்ற அமெரிக்கப் பெண் 1959-ல் ஒரு புத்தகம் எழுதினார். அதன் பெயரே 'தேங்க் யூ, டாக்டர் லமாஸ்'. அமெரிக்காவில் அந்த முறை பரவியதற்கு அந்தப் புத்தகம் முக்கியக் காரணம். சாண்ட்ராவின் துண்டித்த தலை கடைசியாக மருத்துவருக்கு நன்றி சொல்லப் பார்க்கிறது என்பதை இதோடு வைத்துப் பாருங்கள். கிங் அந்தத் தலைப்பை நினைத்துத்தான் எழுதினாரா என்பது இருக்கட்டும். அவருடைய முதல் வாசகர்களில் பலருக்கு அது காதில் விழுந்திருக்கும்.

1970-களில் அமெரிக்கத் தம்பதிகள் ஜோடியாகப் போய் இந்த மூச்சைப் பழகினார்கள். 1982-ல் புத்தகத்தைப் பிரித்தவர்களில் எத்தனையோ பேர் அதே தாளத்தில் மூச்சு விட்டுப் பிள்ளை பெற்றவர்கள், அல்லது பக்கத்தில் நின்று எண்ணிக்கொடுத்தவர்கள். அவர்களுக்கு இந்தக் காட்சியின் சத்தம் சொந்த உடம்பில் இருந்தது. பின்னால் வந்த தலைமுறைக்கு அதே மூச்சு டிவி நகைச்சுவைத் தொடர்களில் வியர்த்துக் கத்தும் கர்ப்பிணியின் சத்தம். சிரிப்பு வருகிறது என்று சொல்லும் வாசகரைக் குறை சொல்ல மாட்டேன். கதை அங்கேயேதான் இருக்கிறது, மூச்சுக்கு இருந்த பொருள் நகர்ந்துவிட்டது.

கிறிஸ்துமஸ் இரவு, கணவன் இல்லாத தாய், வாசலுக்கு வெளியே பிறப்பு என்று பெத்லகேமைக் காட்டும் வாசிப்பும் உண்டு. அது கண்ணுக்கு முன்னால் கிடப்பது. அதிக உழைப்பு தேவையில்லை.

எனக்குக் கனமாகப் படும் குறை வேறு. பெண் வாசகர்கள் பலர் எடுத்துவைப்பது. அந்த வீட்டில் பெண்களுக்கு நாற்காலி இல்லை. ஒரு பெண்ணின் கர்ப்பமும் அவமானமும் சாவும், பிராந்திக் கோப்பையோடு கால்நீட்டி உட்கார்ந்திருக்கும் ஆண்களின் பொழுதுபோக்காக வந்துசேர்கிறது. சாண்ட்ரா தைரியசாலி, நிதானமானவள், அழ மறுப்பவள். எல்லாம் மருத்துவர் சொல்லக் கேட்டதுதான். அவளிடம் தனக்கு ஓர் ஈர்ப்பு இருந்ததை மெக்காரனே மறைப்பதில்லை. இரவில் தனியறையில் அவள் என்ன நினைத்தாள் என்பதற்கு இடமே வைக்கவில்லை. இதற்கு மறுமொழியாக, செத்த பிறகும் வேலையை முடித்துவிட்டுப் போகும் பெண்ணைவிட வலுவான பெண் பாத்திரத்தைக் கிங் அதற்கு முன் எழுதியதில்லை என்பார்கள். வலு இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வலுவைப் பிள்ளை பெறுவதற்கு மட்டுமே பயன்படுத்தக் கதை அனுமதிக்கிறது. கைவிட்டுப் போனவன் மேல் கோபப்படக்கூட அவளுக்கு அதிக நேரம் தரப்படவில்லை.

வடிவத்தின் சிக்கலையும் சொல்ல வேண்டும். பத்திரிகைக்கு நீளம், புத்தகத்துக்குக் குட்டை என்று குறுநாவலுக்கு அமெரிக்கச் சந்தையில் இடமில்லாததைக் கிங் அந்தத் தொகுப்பின் பின்னுரையிலேயே புலம்பியிருக்கிறார். தி. ஜானகிராமன் பெயரில் குறுநாவலுக்குப் போட்டியே வைத்த 'கணையாழி' இதழ் மாதிரி ஒன்று அவருக்கு வாய்க்கவில்லை. 'ஃபயர்ஸ்டார்ட்டர்' நாவலை முடித்த கையோடு, மிச்சமிருந்த வேகத்தில் எழுதிய கதை இது. நான்கில் கடைசியாக எழுதியதும் இதுதான். மற்ற மூன்றையும் சினிமா தூக்கி நிறுத்தியது, இதற்கு அந்தத் தோள் கிடைக்கவில்லை. ஸ்காட் டெரிக்சன் இயக்கப்போகிறார் என்று 2012-ல் செய்தி வந்தது, படம் வரவில்லை. வந்தாலும் அந்தப் பிரசவத்தைத் திரையில் எப்படிக் காட்டுவது? எழுத்தில் மெக்காரனின் குரல் நமக்கும் அந்த உடலுக்கும் நடுவில் நிற்கிறது. பாதியை அவர் கண்ணாலும் மீதியை நம் காதாலும் பெறுகிறோம். கேமராவுக்கு அந்த நாசூக்கு கிடையாது. துண்டித்த தலை உதட்டை அசைப்பதை நேரே காட்டினால் அரங்கு சிரித்துவிடும். கிளப்பை மட்டும் எடுத்தால், ஒருவர் நூலகப் பட்டியல் புரட்டுவதையும் கேட்க வந்ததைக் கேட்காமல் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்புவதையும் இரண்டு மணி நேரம் காட்ட வேண்டியிருக்கும். நான் போய்ப் பார்ப்பேன்; தயாரிப்பாளர் பணம் போடுவாரா என்பதுதான் சந்தேகம்.