கொட்டான் என்ன விலை?

சமீப வருஷங்களில் சென்னையில் கொஞ்சம் வசதியான வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தால், மஞ்சள் தாம்பூலப் பைக்குப் பதிலாக உங்கள் கையில் ஒரு குட்டி ஓலைப்பெட்டியைத் தந்திருக்கக் கூடும். சிவப்பு, பச்சை, கத்தரிப்பூ நிறங்களில் கட்டம் கட்டமாகப் பின்னல். உள்ளே தேங்காய், வெற்றிலை பாக்கு. தேங்காயை எடுத்துச் சமையலறையில் வைத்துவிட்டு, பெட்டியை டி.வி. பக்கத்தில் வைத்திருப்பீர்கள். தூக்கிப்போட மனசு வராது.

அதன் பெயர் கொட்டான். சுத்தமான செட்டிநாட்டுச் சரக்கு. பனங்குருத்தைக் காயவைத்து, சன்னமாகக் கிழித்து, சாயத்தில் தோய்த்து, ஓலை முறுகிவிடாமல் ஈரம் காட்டிக்கொண்டே முடைய வேண்டும். முடைந்த பிறகு அதற்கு ஒரு சட்டை உண்டு. குரோஷா நூலில் பின்னி, பாசிமணி கோத்து மாட்டுவார்கள். அரிசியோ பலகாரமோ வெற்றிலையோ, சீரில் எது போனாலும் கொட்டானில் போவதுதான் கௌரவம்.

இதை முடைந்தவர்கள் யார்? ஆச்சிமார்கள். கண்டனூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் தெருவுக்குத் தெரு நிற்கும் அந்தப் பிரம்மாண்டமான வீடுகளை ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு என்று ஒரு தெருவில் நுழைந்து மறுதெருவில் வெளியே வரும் வீடுகள். செட்டியார்கள் பர்மா, மலேயா, சிலோன், சைகோன் என்று கொண்டுவிற்கப் போய் வருஷக்கணக்கில் திரும்பமாட்டார்கள். வீட்டில் பெண்களுக்கு நீளநீளமான மத்தியானங்கள். அந்தப் பொழுதைத்தான் கொட்டானாக முடைந்தார்கள்.

நான் படித்தது பி.காம். எதைப் பார்த்தாலும் அடக்க விலை போட்டுப் பார்க்கிற வியாதி எனக்கு உண்டு. ஆச்சியின் கொட்டானுக்கு அடக்க விலை என்ன? ஓலை சொந்தக் காட்டுப் பனையில் வந்தது. கூலி கிடையாது. முடிக்க வேண்டிய தேதி கிடையாது. விற்கவும் போவதில்லை. ஒரு பின்னல் கோணலாகிவிட்டால் பிரித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். ஆக, அந்த நேர்த்திக்குக் கைத்திறமை ஒரு காரணம் என்றால், கணக்கே பார்க்காத நேரம் இன்னொரு காரணம்.

அதே ஊர்களில், அதே பனை ஓலையில், வேறு பெண்களும் பெட்டி முடைந்துகொண்டுதான் இருந்தார்கள். சாயம் இல்லாத, மணி இல்லாத சாதாப் பெட்டி. அது சந்தைக்குப் போய்ச் சில்லறைக் காசுக்கு விற்றது. அதை யாரும் கலை என்று சொன்னதில்லை.

அப்புறம் எவர்சில்வர் வந்தது, பிளாஸ்டிக் வந்தது. குடும்பங்கள் சென்னைக்குப் போய்விட்டன. பல வீடுகளுக்குப் பூட்டு. கொட்டான் முடையத் தெரிந்தவர்கள் என்று வயதான சில ஆச்சிகள்தான் மிச்சம். 2000 வாக்கில் விசாலாட்சி ராமசாமி இதைக் கையில் எடுத்தார். ‘தி செட்டியார் ஹெரிடேஜ்’ புத்தகத்தை எழுதிய மூவரில் ஒருவர். அவருடைய எம்.ஆர்.எம்.ஆர்.எம். பண்பாட்டு அறக்கட்டளை, சுற்றுவட்டாரக் கிராமப் பெண்களுக்குக் கொட்டான் கற்றுக்கொடுத்தது. யுனெஸ்கோவின் தர முத்திரை கிடைத்தது. பிறகு செட்டிநாடு கொட்டானுக்குப் புவிசார் குறியீடும் வந்தது.

இந்த வேலையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். இன்றைக்கு வருகிற நல்ல கொட்டான் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். மூலை உட்காருகிற விதம், விளிம்பு மடிப்பு, சாயத்தின் சீர், எதிலும் ‘பாவம், ஏழைகள் செய்தது, வாங்கிக்கொள்ளுங்கள்’ என்ற கெஞ்சல் கிடையாது. தர்மத்துக்கு விற்கிற பொருளில் இந்த நேர்த்தி வராது. நம் ஊர்க் கண்காட்சிகளில் தொண்டு நிறுவன ஸ்டால்களைப் பார்த்திருப்பீர்கள். தொள தொளவென்று ஒரு துணிப் பை, பக்கத்தில் ஒரு பெண்மணியின் சிரித்த போட்டோ. பையை வாங்குவதா, போட்டோவை வாங்குவதா என்றே புரியாது.

போட்டோவும் கதையும் நன்றாகவே விற்கும் என்பது உண்மைதான். 1994 இனப்படுகொலைக்குப் பிறகு ருவாண்டாவில் ஹூட்டு, டூட்சி பெண்கள் ஒன்றாக உட்கார்ந்து பின்னிய கூடைகளை, 2005-ல் அமெரிக்காவின் மேசீஸ் கடைகள் ‘சமாதானக் கூடை’ என்றே விற்றன. கணவனைக் கொன்ற கூட்டத்துப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து ஒருத்தி கூடை பின்னினாள் என்பதைக் கேட்டால் யாருக்கும் தொண்டை அடைக்கும். ஆனால் கதைக்காக வாங்குகிறவர் ஒரு கூடை வாங்குவார், இரண்டு வாங்குவார். மூன்றாவது கூடை, கூடைக்காகத்தான் விற்க வேண்டும்.

என் புகார் வேறு இடத்தில். கைவினைப் பொருளோடு வருகிற சீட்டுகளைப் படித்துப் பாருங்கள். எந்த ஊர் என்று இருக்கும், எத்தனை தலைமுறைப் பழமை என்று இருக்கும், ‘கிராமப் பெண்களின் வாழ்வாதாரம்’ என்ற வார்த்தை தவறாமல் இருக்கும். இதை முடைய எத்தனை மணி நேரம் ஆயிற்று, அதற்கு என்ன கொடுத்தார்கள் என்பது மட்டும் இருக்காது. கொட்டான் விஷயத்தில் இந்தக் கேள்வி இன்னும் முக்கியம். கணக்கில்லாத நேரத்தில் ஆச்சி எட்டிய நேர்த்தியை, சாயங்காலம் வீட்டுக்கு அரிசி வாங்க வேண்டிய ஒரு பெண்ணிடம் நாம் கேட்கிறோம்.

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஒரு கொட்டான் முழுசாக ஒரு நாள் வேலை வாங்குகிறது, நாள் கூலி 300 ரூபாய். ஓலை, சாயம், கழிவு, சென்னைக்குப் பார்சல், கடை வாடகை, கடைக்காரர் கமிஷன் எல்லாம் சேர்த்தால் 600-க்குக் குறைத்து விற்க முடியாது. நீங்கள் 400-க்குப் பேரம் பேசி வாங்கிவிட்டீர்கள். சாமர்த்தியம்தான். அந்த 200 ரூபாயை யார் விட்டுக்கொடுத்தது? கடைக்காரர் விடமாட்டார். பார்சல் கம்பெனி விடாது. மிச்சம் ஒரே ஒரு ஆள்தான்.

புவிசார் குறியீடு இதற்கு மருந்து இல்லை. 1999-ல் வந்த அந்தச் சட்டம் பெயரைக் காப்பாற்றும். வேறு ஊர்ப் பெட்டியைச் செட்டிநாடு கொட்டான் என்று விற்றால் தடுக்கலாம். செட்டிநாட்டிலேயே குறைந்த கூலிக்கு முடைய வைத்தால் அது வாயைத் திறக்காது. அதைவிட உபகாரம் செய்தது நூறு நாள் வேலைத் திட்டம் என்பேன். 2006-ல் தமிழ்நாட்டில் அது முதலில் ஆரம்பமான மாவட்டங்களில் சிவகங்கையும் ஒன்று. நாளுக்கு 80 ரூபாய், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. அதற்குக் கீழே யாராவது கொடுத்தால், ‘நான் கண்மாய் வெட்டவே போறேன்’ என்று சொல்ல வழி வந்தது.

இந்தச் சங்கடத்தை நமக்கு முன்னால் ஒருத்தர் பட்டிருக்கிறார். காந்தி 1927 செப்டம்பரில் கதருக்குப் பணம் திரட்டச் செட்டிநாட்டுக்கு வந்தார். அரண்மனை போன்ற வீடுகளில் குவிந்திருந்த சீமைச் சாமான்களைப் பார்த்து அவருக்கு மூச்சு முட்டியது. இந்த வீடுகளை அலங்கரிக்கும் காண்ட்ராக்டை என்னிடம் கொடுங்கள், பத்தில் ஒரு பங்கு செலவில் இதைவிட வசதியாகச் செய்துகாட்டுகிறேன் என்று கூட்டத்திலேயே சொல்லிவிட்டார். குஜராத்தி பனியா அல்லவா, செட்டியார்களிடமே கணக்குப் பேசினார்!

அதே காந்திக்கு 1935-ல் தன் கதரின் மேலேயே சந்தேகம் வந்தது. விலை குறைய வேண்டும் என்று நூற்கிற பெண்ணுக்குக் கிள்ளிக் கொடுக்கிறோமே என்று. எட்டு மணி நேரம் நூற்றால் எட்டணா தர வேண்டும் என்றார். விலை ஏறினால் விற்காது என்று கதர்க்காரர்களே பதறினார்கள். எட்டணா கைகூடவில்லை. அதைவிடக் குறைவாகத்தான் சர்க்கா சங்கம் ஆரம்பித்தது. ஆனாலும் கூலியை முதலில் போட்டு, விலையை அதற்குப் பிறகு எழுதுவது என்ற வரிசையைக் கொண்டுவந்தார்.

கொட்டானுக்கும் அந்த வரிசைதான் வேண்டும். அப்படி எழுதினால் விலை நிச்சயம் ஏறும். கல்யாணத்துக்கு வருகிற ஐந்நூறு பேருக்கும் மணி கோத்த கொட்டான் கொடுக்க முடியாமல் போகலாம். சம்பந்தி வீட்டுச் சீருக்கு இருபது நல்ல கொட்டான் வாங்கிக்கொண்டு, மற்றவர்களுக்குச் சாயமில்லாத அந்தச் சந்தைப் பெட்டியைக் கொடுக்கலாமே. பார்க்க அதுவும் அழகுதான். அதை முடைகிறவர்களுக்கும் கொஞ்சம் காசு கிடைக்கும்.

எதை வாங்குவதானாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மழை நாளில் ஓலை காயாது. பனை ஏறிக் குருத்து வெட்ட ஆளும் லேசில் கிடைப்பதில்லை. செங்கல் சூளைக்குப் போன மரங்கள் போக மிச்சமிருப்பதை, கலெக்டர் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்திருக்கிறார்கள். தை மாதக் கல்யாணத்துக்கு மார்கழியில் போன் செய்து நானூறு கொட்டான் கேட்டால், அதை முடிக்க ராத்திரி கண் விழிக்கிறவருக்கு ஓவர்டைம் யாரும் போடப்போவதில்லை.