இராமநாதன்: வழக்கறிஞரும் வரலாறும்

சேர் பொன்னம்பலம் இராமநாதனின் வாழ்வை (1851–1930) எழுதப் புகுவோர் பெரும்பாலும் அவருக்காக வாதாடவே முனைகின்றனர். விக்டோரியா மகாராணியார் காலத்தில், 1892இல், இலங்கையின் சொலிசிற்றர் ஜெனரலாகி, 1906வரை அரசின் வழக்குரைத்தவர் அவர். அவ்வரசே 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது இராணுவச் சட்டத்தின்கீழ்ச் சிங்களத் தலைவர்களைச் சிறையிட்டவேளை, சட்டநிரூபண சபையில் அதனைக் கண்டித்தவரும் அவரே. அவ்வஞ்சாமை போற்றுதற்குரியது.

ஆயின், 1928இல் டொனமூர் ஆணைக்குழு விதந்துரைத்த சர்வசன வாக்குரிமையை அவர் வன்மையாக எதிர்த்தமையை யாங்ஙனம் மதிப்பிடுவது? நோட்டன் பிரிட்ஜைச் சூழ்ந்த தோட்டங்களிற் கொழுந்து பறித்தோரின் வழிவந்த எமக்கு இஃது ஏட்டுச் செய்தியன்று. 1931இல் எம் முன்னோருட் பலர் பெற்ற வாக்கினை, 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்களால் பெரும்பாலோர் இழந்தனர். வாக்கின் அருமையை இழந்தறிந்தவர் யாம்.

‘அக்காலப் பெரியோர் அனைவரும் எளியோரை அங்ஙனமே நோக்கினர்’ என்பாருமுளர். அவருடைய இளவல் அருணாசலமோ, 1919இல் தொழிலாளர் நலனுக்கெனச் சங்கம் கண்டு, தோட்டத் தொழிலாளரைப் பிணித்த துண்டுமுறைக்கு எதிராகக் குரலெழுப்பினார். எனவே அவ்விடை பொருந்தாது.

வழக்கறிஞர் ஒரு பக்கம் நின்று பேசலாம். வரலாறெழுதுவோர் இருபக்கமும் கேட்டல் வேண்டும். அதனால் இராமநாதன் சிறுமையுறார், நாமே தெளிவுறுவோம்.