சாரணர் ஏடு சொல்வதும் சொல்லாததும்

சாரணர் என்னும் சொல் தமிழுக்குப் புதிதன்று. பழந்தமிழில் அது உளவறியும் ஒற்றரைக் குறித்தது. சிலப்பதிகாரத்திலோ ஊர் ஊராய்ச் சென்று அறம் உரைக்கும் சமண முனிவரைக் குறித்தது. 'ஸ்கவுட்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு நேராக இதைத் தேர்ந்தெடுத்தவர் யாராயினும், அறிந்தோ அறியாமலோ அந்த இயக்கத்தின் இரு முகங்களையும் ஒரே சொல்லில் அடைத்துவிட்டார். காக்கி உடை அணிந்து, கழுத்தில் துணி முடிந்து, ஊதல் ஒலி கேட்டதும் வரிசையில் நின்று, பிறகு கூட்டத்தினிடையே புகுந்து தாகத்தால் தவிப்போர்க்குத் தண்ணீர் கொடுக்கும் சிறுவனைக் காணும்போது நம் கண்ணுக்குத் தெரிவது அறம் மட்டுமே. அந்தச் சிறுவனைப் பாராட்டாத நெஞ்சம் நெஞ்சமன்று. ஆனால் ஊதலை ஊதியவர் யார், எதற்காக ஊதினார் என்பதை அறிய விரும்பினால், இயக்கத்தைப் பெற்றெடுத்த ஏட்டைப் புரட்ட வேண்டும்.

அந்த ஏடு 'ஸ்கவுட்டிங் பார் பாய்ஸ்'. 'சிறுவர்க்குச் சாரணியம்' எனலாம். 1908-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் முதல், இரு வாரத்துக்கு ஒரு பகுதியாக இங்கிலாந்தில் வெளிவந்தது. எழுதியவர் பேடன் பவல், பிரிட்டிஷ் படைத்தலைவர். அவர் 1899-இலேயே படைவீரர்க்காக உளவு பார்க்கும் கலைபற்றி ஒரு கையேடு எழுதியிருந்தார். அதற்கும் முன்னர், 1883-இல், கிளாஸ்கோ நகரில் வில்லியம் சுமித் என்பவர் 'பாய்ஸ் பிரிகேட்' என்னும் சிறுவர் படையைத் தொடங்கி, போலித் துப்பாக்கி கொடுத்து அணிவகுப்பும் பைபிளும் கற்பித்துக்கொண்டிருந்தார். படைவீரர்க்கு எழுதியதைச் சிறுவர்க்கு ஏற்ப மாற்றித் தாருங்கள் என்று பேடன் பவலைத் தூண்டியவர்களில் அவரும் ஒருவர். ஆக, போர்க்களத்துக்கென எழுதப்பட்ட ஏடு பள்ளிக்கூடத்துக்கு வந்தது. வரும் வழியில் எதைக் களைந்தது, எதைக் களையவில்லை என்பதே நம் ஆராய்ச்சி.

முதலில் அதன் சிறப்பைச் சொல்லிவிடுவோம். குறை காணப் புகுவோர்க்கு அது கடமை. பள்ளியில் பாடம் சொல்லிப் பிழைக்கும் நமக்கு, சிறுவர்க்கென எழுதப்படும் நூல்கள் எவ்வளவு சோர்வைத் தருவன என்பது நன்றாகத் தெரியும். மேடைமீது நின்று கீழே பார்த்துப் பேசும் நூல்களே அவற்றுள் மிகுதி. இந்த ஏடோ, இரவில் தீமூட்டி அதைச் சுற்றி அமர்ந்திருக்கும் சிறுவர்களுடன் தானும் ஒருவராய் அமர்ந்து பேசுகிறது. கயிற்றில் முடிச்சுப் போடுவது, காலடித் தடம் பார்ப்பது, நீரில் மூழ்குவோரைக் கரையேற்றுவது, காயத்துக்குக் கட்டுப் போடுவது எனக் கைக்கு வேலை தருகிறது. நாள்தோறும் ஒரு நற்செயல் செய்தல் வேண்டும். மறந்துவிடாதிருக்கக் கழுத்துத் துணியில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்ள வேண்டும் என்கிறது. எத்தகைய நற்செயல்? பாதையில் கிடக்கும் வாழைப்பழத் தோலை அப்புறப்படுத்தினாலும் போதும் என்கிறது! அறத்தை விண்ணிலிருந்து இறக்கி வீதியில் கிடக்கும் பழத்தோலில் வைத்த எழுத்தை நாம் பாராட்டாமல் இருக்க முடியாது. மறுமைப் பயனைக் காட்டி ஆசை மூட்டும் நீதிநூல்கள் நூறு செய்யாததை அந்த ஒரு முடிச்சுச் செய்யும்.

ஏட்டுக்கு முன்னோட்டமாக, 1907-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், பிரௌன்சி என்னும் சிறு தீவில் ஏறத்தாழ இருபது சிறுவரைக் கொண்டு பேடன் பவல் பாசறை அமைத்தார். உயர்குடிச் செல்வர் பயிலும் பள்ளிகளின் மாணவரும், பக்கத்து ஊர்த் தொழிலாளர் பிள்ளைகளும் அங்கு ஒரே அணியில் உண்டு உறங்கினர். வகுப்பு வேற்றுமை தடித்துக் கிடந்த அன்றைய இங்கிலாந்தில் இது சிறு செயலன்று.

இனிச் சாரணர் விதிகளுக்கு வருவோம். சாரணன் எந்த வகுப்பைச் சேர்ந்த சாரணனுக்கும் உடன்பிறப்பு என்கிறது ஒரு விதி. நன்று. அரசனுக்கும், அதிகாரிகளுக்கும், நாட்டுக்கும், தன்னை வேலைக்கு வைத்திருக்கும் முதலாளிக்கும் அவன் உண்மையாய் இருத்தல் வேண்டும். அவர்களைக் குறைகூறுவோரையும் எதிர்த்து நிற்றல் வேண்டும் என்கிறது மற்றொரு விதி. அணித்தலைவனின் கட்டளைக்கு எதிர்க்கேள்வியின்றிப் பணிதல் வேண்டும் என்கிறது இன்னொன்று. பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்கு முதலாளி ஏது என்று வியப்போர், அந்த நாளில் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் எந்த வயதில் வேலைக்கு அனுப்பப்பட்டனர் என்பதை நினைவுகூர வேண்டும். தொழிற்சங்கங்கள் தலைநிமிர்ந்துகொண்டிருந்த ஆண்டுகளில், கூலி போதவில்லை என்று கூறுபவனைக் குறைகூறுபவன் கணக்கில் சேர்ப்பது எவ்வளவு எளிது! செல்வர் மகனும் தொழிலாளி மகனும் பாசறையில் உடன்பிறப்பு. பாசறை கலைந்ததும் ஒருவன் முதலாளி, மற்றவன் உண்மையாய் இருக்கவேண்டியவன்.

கேள்வி கேட்காதே என்னும் விதியையும் எளிதில் கடந்துவிட முடியாது. தீப்பற்றிய வீட்டின் முன்னும், வெள்ளம் புகுந்த தெருவிலும் ஒருவர் கட்டளையிட மற்றவர் பணிவதே உயிர் காக்கும். அங்கே விவாத மன்றம் கூட்ட முடியாது. இதை மறுப்போர் பகுத்தறிவாளர் அல்லர். ஆனால் தீ அணைந்த பிறகேனும் தீ எப்படிப் பிடித்தது என்று கேட்க வேண்டாமா? வெள்ளம் வடிந்த பிறகு, ஏழையர் குடிசை மட்டும் ஏன் ஆற்றோரத்தில் இருந்தது என்று எண்ண வேண்டாமா? ஏடு கட்டுப் போடக் கற்பிக்கிறது. காயத்தின் காரணத்தை ஆராயக் கற்பிக்கவில்லை. தடம் கண்டு திருடனைப் பிடிக்கும் கூர்மையைத் தருகிறது. அவன் ஏன் திருடினான் என்பதை ஆராயும் கூர்மையைத் தரவில்லை.

1914-இல் முதல் உலகப்போர் மூண்டது. சாரணச் சிறுவர் கடற்கரையில் காவல் நின்றனர். இருப்புப்பாதைப் பாலங்களையும் தந்திக் கம்பிகளையும் காத்தனர். அலுவலகங்களில் செய்தி சுமந்தனர். வான்வழித் தாக்குதல் ஓய்ந்ததை இலண்டன் தெருக்களில் ஊதுகொம்பு ஊதி அறிவித்தனர். பொதுத்தொண்டு எங்கே முடிந்தது, போர்த்தொண்டு எங்கே தொடங்கியது என்று யாராலும் கோடு கிழிக்க இயலவில்லை.

ஜாக் கார்ன்வெல் என்னும் சிறுவனின் கதை இதைக் கூறும். சாரணனாய் இருந்தவன், கடற்படையில் சேர்ந்தவன். 1916-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாள், ஜட்லாந்துக் கடற்போரில், 'செஸ்டர்' என்னும் கப்பலில் தன் பீரங்கியருகே படுகாயமுற்று, கட்டளைக்குக் காத்து நின்றான். இரு நாட்களில் இறந்தான். வயது பதினாறு. முதலில் அவனைப் பொதுக் குழியில் புதைத்தனர். வீரச்செயல் வெளியில் தெரிந்ததும் தோண்டியெடுத்து, படை மரியாதையோடு மீண்டும் புதைத்தனர். விக்டோரியா சிலுவை அளித்தனர். சாரணர் இயக்கமோ அவன் பெயரால் ஒரு வீரச் சின்னத்தையே ஏற்படுத்தியது. அவன் துணிவில் நமக்கு ஐயமில்லை. பதினாறு வயதுப் பிள்ளையைப் பீரங்கியருகே நிறுத்தியது சரியா என்னும் வினாவுக்குத்தான் எந்தச் சின்னத்திலும் இடமில்லை.

இந்த வினாவை அடக்கியதன் விலையைப் பின்னர் செருமனி காட்டிற்று. இட்லர் ஆட்சி சாரணர் இயக்கத்தைத் தடை செய்தது. இட்லர் இளைஞர் படையில் சேர்வதை 1939-இல் கட்டாயமாக்கியது. அந்தப் படையின் சிறுவரும் குளிர்காலத்தில் உண்டியல் குலுக்கி ஏழையர்க்கு நிதி திரட்டினர். வீட்டு வாயிலில் நின்று பார்த்தால் அதுவும் நற்செயலே. சீருடை, வரிசை, பணிவு, தொண்டு எல்லாம் இருந்தன. இலண்டன் சாரணனும் பெர்லின் சிறுவனும் ஒன்று என்று நாம் கூறவில்லை. அப்படிக் கூறுவது அறியாமை. உண்டியலின் ஒலியைக் கொண்டு மட்டும் இரண்டையும் வேறுபடுத்த இயலாது என்கிறோம். அதே போரில், 1944-இல் வார்சா நகரம் கிளர்ந்தெழுந்தபோது, ஆக்கிரமிப்பாளர் தடையை மீறி மறைவாய் இயங்கிவந்த போலந்துச் சாரணர் நகரின் அஞ்சல் பணியை ஏற்றனர். குண்டுமழைக்கிடையே, இடிபாடுகளின் ஊடே கடிதம் சுமந்தவர் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுச் சிறுவர்! அவர்களும் கட்டுப்பாடு பயின்றவர்களே. ஆனால் ஊரை ஆண்ட அதிகாரிக்குப் பணிய மறுத்தவர்கள். ஏட்டிலுள்ள கயிற்று முடிச்சும் தடமறியும் திறனும் அவர்களுக்குப் பயன்பட்டன. அதிகாரிக்கு உண்மையாய் இரு என்னும் விதியை அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை.

ஏட்டின் முதற்கதைக்கே திரும்புவோம். தென்னாப்பிரிக்காவின் மாபெகிங் நகரம் 1899 அக்டோபர் முதல் 1900 மே வரை 217 நாட்கள் முற்றுகையில் கிடந்தது. நகரைக் காத்தவர் பேடன் பவல். அங்கே வெள்ளையர் வீட்டுச் சிறுவர் செய்தி சுமந்து, குண்டுகளுக்கிடையே மிதிவண்டியில் பறந்த கதையைச் சொல்லித்தான் அவர் இயக்கத்துக்குக் கால்கோள் செய்கிறார். சுவையான கதை. அதே முற்றுகையில், அதே ஊரில், ஆப்பிரிக்க மக்கள் பலர் பட்டினியால் மடிந்தனர். அதில் பேடன் பவலின் பொறுப்பு எவ்வளவு என்று வரலாற்றாசிரியர் இன்றும் வழக்காடுகின்றனர். தீர்ப்பை அவர்களுக்கே விடுவோம். திறனாய்வாளர் கேட்கக்கூடியது வேறு: மிதிவண்டிச் சிறுவர் கதைத்தலைவர் ஆயினர், கஞ்சிக்குக் கையேந்தி நின்றோர் ஏன் ஆகவில்லை?

அடுத்து வருவது 'கிம்'. கிப்ளிங் 1901-இல் வெளியிட்ட புதினத்தின் தலைவனாகிய இச்சிறுவனின் கதையைப் பேடன் பவல் தம் ஏட்டில் சுருக்கித் தருகிறார். லாகூர்த் தெருக்களில் இந்தியச் சிறுவனைப் போலவே திரிந்து, பிரிட்டிஷ் ஆட்சிக்கு ஒற்றனாய்ப் பயிலும் ஐரிஷ்காரப் பிள்ளை அவன். தட்டில் பரப்பிய பொருள்களை ஒரு நிமிடம் பார்த்து, மூடியபின் நினைவுகூரும் 'கிம் விளையாட்டு' அங்கிருந்து வந்ததே. நம் பள்ளிகளிலும் சாரணர் அதை ஆடுகின்றனர். 1916-இல் இளஞ்சிறார்க்கென அமைந்த குருளையர் அணிக்கும் கிப்ளிங்கின் 'ஜங்கிள் புக்' கதைகளே அடித்தளம். ஆக, இயக்கத்துக்குக் கற்பனை வளம் தந்தது இந்திய மண். அந்த மண்ணின் மைந்தர்க்கு இயக்கம் தந்தது என்ன?

1909-இல் பெங்களூரில் முதல் சாரணர் அணி அமைந்தது: ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் வீட்டுப் பிள்ளைகளுக்கு. இந்தியச் சிறுவர்க்கு வாயில் அடைத்தே கிடந்தது. இப்பயிற்சி பெற்றால் இவர்கள் கலகக்காரர் ஆகிவிடுவர் என்னும் அச்சம் ஆட்சியாளர்க்கு! தொண்டு செய்யக் கற்பிக்கும் இயக்கம் என்று உலகுக்குச் சொன்னோர், தடமறியவும் செய்தி கடத்தவும் கற்ற பிள்ளை எதைச் செய்வான் என்பதைத் தாங்களே நன்கு அறிந்திருந்தனர். லாகூர்ச் சிறுவனைப் போல் நடிக்கத் தெரிந்த கிம்முக்கு ஏட்டில் இடமுண்டு. உண்மையான லாகூர்ச் சிறுவனுக்கு அணியில் இடமில்லை. உடன்பிறப்பு என்னும் விதி வகுப்பைத் தாண்டியது. நிறத்தின் முன் நின்றுவிட்டது.

அடைத்த வாயிலின் முன் நம்மவர் அழுதுகொண்டிருக்கவில்லை. 1917-ஐ ஒட்டிச் சென்னையில் அன்னி பெசண்ட் அம்மையார் இந்தியச் சிறுவர்க்கெனத் தனிச் சாரணர் சங்கம் கண்டார். அம்மையாரின் ஞானசபைக் கொள்கைகளோடு நமக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆயினும் இந்தச் செயலுக்குரிய பாராட்டை மறைப்பது நேர்மையன்று. வடக்கே மாளவியா, இருதயநாத் குன்ஸ்ரு, ஸ்ரீராம் பாஜ்பாய் ஆகியோர் சேவா சமிதிச் சாரணரை அமைத்தனர். 1921-இல் பேடன் பவல் இந்தியா வந்தபோது பெசண்ட் சங்கம் அவர் இயக்கத்தோடு இணைந்தது. சேவா சமிதி இணையவில்லை. கும்பமேளாக் கூட்டங்களில் வழிதவறியோரைச் சேர்த்துவைத்தும், நோயுற்றோரைத் தூக்கியும் சேவா சமிதியினர் ஆற்றிய பணி பெரிது. எனினும், இலட்சக்கணக்கானோரை ஒரே நாளில் ஒரே நீரில் முழுகச் செய்யும் நம்பிக்கையைத் தொடாமல், அதனால் விழுந்தோரை மட்டும் தூக்கிய தொண்டு அது. வெள்ளையர் ஏட்டை மறுத்தவர்களும் அதன் மௌனத்தை மட்டும் மறுக்கவில்லை.

மாபெகிங் இருந்த தென்னாப்பிரிக்காவில் நிலை இன்னும் கொடிது. கறுப்பினச் சிறுவர்க்கு 1922-இல் வேறு பெயரில் தனி இயக்கம் ஒதுக்கப்பட்டது. 1936-இல் அதற்குச் சாரணர் என்னும் பெயர் கிடைத்தது. ஆனால் நிறத்துக்கொரு பிரிவு நீடித்தது. பிரிவுகள் ஒன்றாக 1977 வரை காத்திருக்க நேர்ந்தது.

இங்கே 1950-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் சங்கங்கள் இணைந்து பாரத சாரண சாரணியர் இயக்கம் ஆயின. 1951-இல் சாரணியரும் சேர்ந்தனர். அரசன் போனான், அவனுக்குச் செய்த சத்தியமும் போயிற்று. சாதி பாராமல் ஒரே பந்தியில் உண்டு, ஒரே கூடாரத்தில் உறங்கும் பாசறை நம் நாட்டுக்கு எவ்வளவு தேவை என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. ஆனால் உறுதிமொழியில் கடவுள் அப்படியே நிற்கிறார். கடவுள் என்று சொல்ல விரும்பாதவன் அதற்குப் பதிலாகத் 'தர்மம்' என்று சொல்லலாம் என்பதே சலுகை. இயக்கம் பிறந்த பிரிட்டனிலேயே, 2014 முதல், கடவுள் நம்பிக்கை இல்லாதவர் கடவுளைக் குறிப்பிடாமல் வேறு உறுதிமொழி கூற வழி செய்துவிட்டனர். பேடன் பவலின் சொந்த நாடு மாற்றிக்கொண்டதை, அவர் வாயிலை அடைத்து வைத்திருந்த நாடு காத்துக்கொண்டிருக்கிறது! கட்டுப் போடவும், மூழ்கியவனைக் கரையேற்றவும் தெரிந்த சிறுவன் ஒருவன், மூன்று விரலை உயர்த்தி நிற்கும் வரிசையில், "ஐயா, இவ்விரண்டு சொல்லும் இல்லாமல் நான் தொண்டு செய்யக் கூடாதா?" என்று கேட்டால், எதிர்க்கேள்வி கேளாதே என்று கற்றுவந்த தலைவர் என்ன விடை சொல்வார்?