வெயில் விழும் நடைவழி

கொழும்பு 33ஆம் ஒழுங்கையில், கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வாழ்ந்த 11ஆம் இலக்க வீட்டில் என் மனம் நின்றுவிட்ட இடம் அந்த நீண்ட நடைவழிதான். தரையும் வெள்ளை, சுவரும் வெள்ளை. இடையிடையே திறந்துகிடக்கும் சின்னஞ்சிறு முற்றங்களிலிருந்து வெளிச்சம் இறங்கி, பளபளக்கும் தரையில் பால்போலப் பரவுகிறது. அரையிருட்டு, வெளிச்சம், மறுபடி அரையிருட்டு என்று மாறிமாறி வர, நடை தானாகவே மெதுவாகிறது. வெளியே நகரம் இரைவதே மறந்துபோகிறது.

நான்கு சிறு வீடுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பல வருடம் பொறுமையாக இழைத்த வீடு இது. ஒட்டுப்போட்ட இடம் கண்ணில் படுவதில்லை. நடுவே நம்முடைய செட்டிநாட்டிலிருந்து வந்த பழைய தூண்கள். பிறந்த இடத்தில் நிற்பதுபோலவே நிற்கின்றன. கடல் தாண்டி வந்த சுவடே இல்லை. பாவா அறக்கட்டளை வீட்டை அப்படியே காத்துவருகிறது. கொழும்புக்குப் போனால் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.