சித்தியும் செஞ்சியும்

சித்திக்கு அறுபத்து மூன்று வயது. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து உல்லாசக் கப்பல் கிளம்ப ஆரம்பித்ததிலிருந்து மூன்று முறை போய் வந்துவிட்டார். முதல் தடவை மகன் டிக்கெட் எடுத்துக் கொடுத்தான். அடுத்த இரண்டும் சொந்த பென்ஷன் காசு.

அதற்கப்புறம் ஆளே மாறிவிட்டார் என்பது குடும்பத்தின் ஏகமனதான தீர்ப்பு. ஊட்டி என்றால், ‘நீங்க போயிட்டு வாங்க’ என்கிறார். குற்றாலம் என்றால் முழங்காலைத் தடவிக்கொள்கிறார். திருப்பதிக்குக்கூட, ‘மனசுல கும்பிட்டா போதாதா?’

‘‘கப்பல் ருசி கண்டவங்களுக்கு வேற எதுவும் பிடிக்காதுப்பா’’ என்று மாமா முடித்துவிட்டார். மாமா கப்பல் ஏறியதில்லை. ‘மன்மதன் அம்பு’ பார்த்திருக்கிறார்.

மாமா சொன்னதையே கொஞ்சம் நீளமாகச் சொன்ன ஒரு அமெரிக்க எழுத்தாளர் உண்டு. டேவிட் ஃபாஸ்டர் வாலஸ். 1995 மார்ச்சில், ஹார்ப்பர்ஸ் பத்திரிகையின் செலவில், ‘ஸெனித்’ என்ற சொகுசுக் கப்பலில் ஏழு ராத்திரி கரீபியன் கடலைச் சுற்றிவிட்டு வந்து எழுதினார். 1996 ஜனவரி இதழில் கட்டுரை வந்தது. அடுத்த வருடம் ஒரு தொகுப்பின் தலைப்புக் கட்டுரையாகவும் ஆனது. அந்தத் தலைப்பை, ‘ஜாலி என்று சொல்லப்படுகிற, இனி நான் செய்யவே போகாத ஒரு சமாச்சாரம்’ என்று தமிழில் சொல்லலாம். ஸெனித் என்றால் உச்சி. மனிதர் கட்டுரை முழுக்க அதை ‘நாடிர்’, அதாவது அதலபாதாளம் என்றே கூப்பிடுகிறார்.

கப்பல் விடுமுறையைப் பற்றி எழுதப்பட்டவற்றில் இதைவிடச் சிரிக்கவைப்பதை நான் படித்ததில்லை. ஒரு இடம். தன் பையைத் தானே தூக்கிக்கொண்டு போய்விடுகிறார். அதனால் போர்ட்டருக்கு மேலிடத்தில் திட்டு விழுகிறது. ஒரு அதிகாரி அறைக்கே வந்து மன்னிப்புக் கேட்கிறார். ‘ஐயோ, தூக்கினது நான்தான்’ என்று இவர் கெஞ்ச வேண்டியிருக்கிறது. உபசாரமே ஒரு தொந்தரவாக மாறுவதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

ஆனால் கட்டுரையின் மையம் வேறு. நமக்குள் ஒரு குழந்தை இருக்கிறது, ‘வேணும், வேணும்’ என்பது மட்டும்தான் அதற்குத் தெரிந்த பாஷை என்கிறார் வாலஸ். கப்பல் அந்தக் குழந்தையைத் திருப்திப்படுத்துவதாக வாக்குக் கொடுக்கிறது. அது நடக்காது. கொடுக்கக் கொடுக்க இன்னும் கேட்கும். துறைமுகத்தில் இவர் கப்பலுக்குப் பக்கத்தில் ‘ட்ரீம்வார்ட்’ என்று இன்னொரு கப்பல் வந்து நிற்கிறது. இதைவிட வெள்ளை. அவ்வளவுதான், அதுவரை சொர்க்கமாக இருந்த தன் கப்பலில் குறையாகத் தெரிய ஆரம்பித்துவிடுகிறது. ஒரு கப்பலுக்கு இன்னொரு கப்பலே ருசிக்காதபோது ஊட்டியும் குற்றாலமும் எம்மாத்திரம்?

படித்து முடித்ததும், ‘இது சித்தி கேஸ்’ என்று தோன்றியது. சோதித்துப் பார்த்துவிடலாம் என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பேராக வேன் பிடித்து செஞ்சிக்குக் கிளம்பினோம்.

ஏன் செஞ்சி? 2025 ஜூலையில் ஒரு பொருத்தம் நடந்தது. 2022இல் அனுமதி கிடைக்காமல் திரும்பிய உல்லாசக் கப்பல், அந்த மாதம்தான் புதுச்சேரிக் கடலுக்கு வந்து பயணிகளைப் படகில் இறக்கியது. அதே மாதம் 11ஆம் தேதி யுனெஸ்கோ, மராத்தியர்களின் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதில் தமிழ்நாட்டுக்காரர் செஞ்சி மட்டும். இரண்டுக்கும் நடுவே சுமார் 70 கிலோமீட்டர்தான். கப்பலில் வருகிறவர்கள் அவ்வளவு தூரம் போவார்களோ மாட்டார்களோ, செஞ்சி முன்கூட்டியே அவர்களைத் தேடிப் போயிருக்கிறது. புதுச்சேரி கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கிற சிற்பத் தூண்கள், பிரெஞ்சுக்காரர்கள் செஞ்சியிலிருந்து பெயர்த்துக்கொண்டு போனவை என்கிறார்கள்.

சோதனை ஆரம்பத்திலேயே மாமாவுக்குச் சாதகமாகப் போயிற்று. நெடுஞ்சாலையில் ஒரு ஓட்டல் (பெயர் வேண்டாம்). காபி நன்றாக இருந்தது. கழிப்பறை பூட்டியிருந்தது. ‘‘சாவி ஓனர்கிட்ட இருக்கு.’’ ஓனர்? ‘‘ஊருக்குப் போயிருக்காரு.’’ சித்தி ஒன்றும் சொல்லாமல் வேனில் வந்து உட்கார்ந்தார். மாமா என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

திண்டிவனம் தாண்டி, செஞ்சி ஊரையும் தாண்டினால், திருவண்ணாமலை ரோட்டுக்கு ஒரு பக்கம் ராஜகிரி, எதிர்ப்பக்கம் கிருஷ்ணகிரி. பாறைகளைக் கொட்டி வைத்த மாதிரி மலைகள். ராஜகிரி சுமார் 800 அடி உயரம். படிகள் செங்குத்து, நிழல் குறைவு. சித்தி ஒரு முறை அண்ணாந்து பார்த்தார். ‘‘நீங்க போயிட்டு வாங்க.’’ அதே வசனம்.

நானும் மகனும் ஏறினோம். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் பாறை இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. மேலே ஒரு சின்னப் பாலம். அதை எடுத்துவிட்டால் எந்தப் படையும் அந்தப் பக்கம் போக முடியாது. சிவாஜி 1677இல் பிடித்த கோட்டை. அவர் மகன் ராஜாராம் 1689இல் தப்பி வந்து அடைக்கலம் புகுந்தது இங்கேதான். ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் 1690இல் முற்றுகையைத் தொடங்கி, கோட்டையைப் பிடிக்க 1698 ஆகிவிட்டது. நடுவில் முற்றுகையிட்டவர்களுக்கே சோறு தட்டுப்பட்டு, வந்தவாசிக்குப் பின்வாங்க வேண்டியிருந்தது. அந்தப் பாலத்தில் நின்று இதையெல்லாம் மகனுக்குச் சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. மகன் குரங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இறங்கி வந்தால் சித்தியை மரத்தடியில் காணோம். அடிவாரத்தில் தேடினோம். கல்யாண மகாலைச் சுற்றி வந்து, குதிரை லாயங்களைக் கடந்து, நெற்களஞ்சியத்தின் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

‘‘எவ்ளோ மூட்டை பிடிக்கும்டா இது?’’

தெரியவில்லை என்றேன். எட்டு வருட முற்றுகைக் கதையைச் சொன்னேன். எதிர்மலையில் எண்ணெய்க்கும் நெய்க்கும் தனித்தனியாகக் கல்தொட்டி கட்டி வைத்திருந்ததைச் சொன்னேன். கல்யாண மகாலின் மேல்மாடி வரை மண்குழாயில் தண்ணீர் ஏற்றியதையும் சொன்னேன். சித்தியின் முகம் மாறிக்கொண்டே வந்தது.

‘‘அப்போ கப்பல் மாதிரிதான். வெளிய போக முடியாது, எல்லாம் உள்ளயே இருக்கணும்’’ என்றார். ‘‘சரி, எட்டு வருஷம் அத்தனை பேருக்கு யார் சமைச்சா?’’

எனக்குத் தெரிந்த வரலாற்றில் அவர்கள் பெயர் இல்லை. சண்டை போட்டவர்கள் பெயர் இருக்கிறது. ஆற்காடு நவாப் சாதத்துல்லா கானோடு மோதி 1714இல் இறந்த தேசிங்குக்குக் கதைப்பாடல் இருக்கிறது, 1960இல் எம்.ஜி.ஆர். நடித்த படமும் இருக்கிறது. அரிசி அளந்து போட்டவர் யார்?

‘‘சித்தி, கப்பல்ல உங்களுக்கு என்னதான் அப்படிப் பிடிச்சுது?’’ என்று அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டேன். மூன்று பயணம் முடிந்து, குடும்பமே தீர்ப்பு எழுதி, அதன் பிறகு.

‘‘காலைல கண்ணு முழிச்சதும், இன்னிக்கு என்ன சமைக்கலாம்னு யோசிக்கலை. நாலு நாள். அவ்ளோதான்.’’

‘‘கடல்?’’

‘‘அது பாட்டுக்கு இருந்துச்சு.’’

பிறகு சொன்னார்: ‘‘எங்க ரூமைச் சுத்தம் பண்ண வந்த பையன் எட்டு மாசமா வீட்டுக்கே போகலையாம். நம்ம லீவு, அவனுக்கு வேலை. அதான் கொஞ்சம் ஒரு மாதிரி இருந்துச்சு.’’

வாலஸின் கட்டுரையில் எனக்கு இடறுவது இந்த இடம்தான். பணிவிடை செய்கிறவர்களின் நிலைமையை அவர் கவனிக்கிறார். போர்ட்டர் கதையே சாட்சி. ஆனால் கப்பல் ஏறுகிறவர்கள் எல்லோரையும் ஒரே அச்சில் வார்த்துவிடுகிறார். அப்போது அவருக்கு 33 வயது, பத்திரிகைக் காசில் வந்த ஆள். உபசாரம் அவரைத் தொட்டில் குழந்தையாக்குகிறது, அவருக்குக் கூச்சமாக இருக்கிறது. நாற்பது வருடம் அடுத்தவர் தட்டைப் பார்த்துப் பரிமாறியவருக்கும் அப்படித்தான் இருக்குமா? சித்திக்குள் ‘வேணும், வேணும்’ என்று கத்துகிற குழந்தையை நான் பார்த்ததில்லை. ‘இன்னிக்கு வேணாமே’ என்று மெதுவாகச் சொல்கிற ஒருத்தரைப் பார்த்திருக்கிறேன். வாலஸின் கோட்பாட்டில் அவருக்கு நாற்காலி இல்லை.

எங்கள் பழைய விடுமுறைகளை ஓட்டிப் பார்த்தேன். ஊட்டியில் ‘கிச்சனோட ரூம்’ எடுத்தோம், செலவு மிச்சம் என்று. குற்றாலத்தில் நாங்கள் அருவியில் நின்றபோது எண்ணெய்த் துண்டுகளை அலசியது யார்? திருப்பதிக்குப் புளியோதரை கட்டியது யார்? சித்திக்கு ஊட்டி பிடிக்காமல் போகவில்லை. ஊட்டியை அவர் பார்த்ததே இல்லை. பார்க்க விட்ட இடத்தில், முட்டி வலியோடு, எனக்குத் தோன்றாத கேள்வியை அரை மணி நேரத்தில் கேட்டுவிட்டார். கப்பல் பிரியர்களுக்கு மற்ற விடுமுறைகள் ருசிக்குமா என்றால், அவர்களுக்கும் அது விடுமுறையாக இருந்தால் தாராளமாக ருசிக்கும்.

இந்த இடத்தில் கட்டுரையை முடித்திருந்தால் எனக்குக் கௌரவமாக இருந்திருக்கும்.

மணி இரண்டு. மரத்தடியில் பாயை விரித்து, கூடையைத் திறந்து, எலுமிச்சை சாதம், தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல் என்று எட்டு பேரும் ஒரு கை பார்த்தோம். இரண்டாவது உருண்டை வாயில் இருக்கும்போதுதான் உறைத்தது. இதற்காகக் காலை நாலு மணிக்கு எழுந்தவர் யார் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை. சித்திக்கு விடுமுறை ருசிக்கிறதா என்று சோதிக்க வந்த நான், சோதனைச் சாலைக்குச் சாப்பாட்டையும் அவரையே கட்டிக்கொண்டு வரச் செய்திருக்கிறேன்.

திரும்பும்போது வேனில் மெதுவாகக் கேட்டேன்: ‘‘மறுபடி செஞ்சிக்கு வருவீங்களா சித்தி?’’

‘‘வரேனே. அந்தக் களஞ்சியத்தை இன்னும் சரியாப் பார்க்கலை’’ என்றார். ‘‘சோறு நீ கட்டிட்டு வா.’’